ஒகேனக்கலைத் தாண்டி தருமபுரி, கிருஷ்ணகிரியில் என்ன இருக்கிறது? மலையும் பாறையும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு

ஓசூர்_ஷிப்ட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். வேலைக்காக ஓசூர் வந்து அப்படியே தங்கிவிட்டேன். எங்கள் ஊரில் கல் என்றால் கோயில் தூணும் வீட்டு அம்மியும்தான், எவ்வளவு தோண்டினாலும் வண்டல். அதனாலோ என்னவோ, சூளகிரியைத் தாண்டும்போதெல்லாம் என் மகள் (ஒன்பதாவது படிக்கிறாள்) காரை நிறுத்தச் சொல்லிப் பாறைகளைப் படம் எடுக்கிறாள். யாரோ தூக்கி வைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நிற்கிற அந்த உருண்டைக் கற்கள் எப்படி வந்தன என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அப்பாவும் அக்கா குடும்பமும் வருகிறார்கள். எங்கே கூட்டிப் போகலாம் என்று ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஒகேனக்கல் என்கிறார்கள். சரி, போகத்தான் போகிறோம். அதைத் தாண்டி என்ன இருக்கிறது? கார் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் ஏற முடியாது. அப்புறம் ஒரு சந்தேகம்: ஒகேனக்கல் பாறைதான் உலகத்திலேயே பழைய பாறை என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா?

பென்னாகரத்தான் எழுதியது:

வாங்க சார். பாறைக் கதை எனக்குத் தெரியாது, ஆற்றுக் கதை சொல்கிறேன்.

ஒகேனக்கல் போகிறவர்களில் பாதிப் பேர் மெயின் அருவியில் குளித்து, எண்ணெய் தேய்த்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது ஒகேனக்கலே இல்லை. பரிசல் ஏறி, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க நடுவில் ஆறு குறுகி ஓடுகிற அந்த இடுக்குக்குள் போய்ப் பார்க்கணும். மேலே அகலமாக, பல கிளையாகப் பிரிந்து வருகிற காவிரி திடீரென்று சுமார் 20 மீட்டர் கீழே விழுந்து அந்த இடுக்கில் அடங்குகிறது. அத்தனை தண்ணீரும் இவ்வளவு சின்ன சந்தில் எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். தண்ணீர் குறைந்த நாளில் ஆற்றுப் பாறைகளில் வட்டமான குழிகள் தெரியும், ஆட்டுரலில் குழவி சுற்றுகிற மாதிரி வெள்ளச் சுழலில் கூழாங்கல் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. பாப்பாவுக்குக் காட்டுங்கள்.

பரிசல் ஓடுமா என்பது நீர்வரத்தைப் பொறுத்தது. கர்நாடகாவிலிருந்து வருகிற தண்ணீரை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது, தினமும் செய்தியில் சொல்கிற கன அடிக் கணக்கு அங்கிருந்து வருவதுதான். ஆடி ஆவணியில் வெள்ளம் வந்தால் குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை. பொங்கல் சமயத்தில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, கூட்டம் மட்டும் நெரியும். காணும் பொங்கல் அன்று தயவுசெய்து வராதீர்கள், எங்களாலேயே உள்ளே போக முடியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள்.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

நிலவியல் படித்துவிட்டு, போர் போட இடம் பார்த்துக் கொடுக்கிற தொழில் செய்கிறேன். இந்த இரண்டு மாவட்டத்துப் பாறைகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அருவி விழுகிற பாறை, நீங்கள் துணி காயப் போடுகிற பாறை, எல்லாம் சார்னோக்கைட் என்கிற கரும்பச்சைக் கல், நைஸ் என்கிற பட்டை போட்ட கல், இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பெரிய வயதுதான், ஆனால் உலகத்திலேயே பழையது கிடையாது. கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது. ஒகேனக்கல் வட்டாரத்தில் நிஜமாகவே அரிதானது கார்பனடைட் என்கிற இன்னொரு கல். எரிமலைக் குழம்பு என்றால் நாம் நினைப்பது மணல் சத்து மிகுந்த குழம்பு. இது அப்படி இல்லை, சுண்ணாம்புச் சத்தே குழம்பாக உருகி மேலே வந்து இறுகியது. இன்றைக்கு இப்படிப்பட்ட குழம்பைக் கக்குகிற எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவில் ஓல் டோயின்யோ லெங்காய். நம் ஊர்க் கார்பனடைட்டுக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு, தன் இனத்தில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. "உலகிலேயே பழைய பாறை" என்ற புரளி இதிலிருந்து முளைத்திருக்கலாம். ஆனால் அது மலை மலையாகக் கிடையாது, மற்ற பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடுகிறது. அருவிக்கரையில் நின்று "இதுதான்" என்று காட்ட முடியாது.

உருண்டைக் கற்கள்: அவற்றை யாரும் தூக்கி வைக்கவில்லை, உருட்டியும் விடவில்லை. மண்ணுக்கு அடியில் பாறை குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டம் கட்டமாக இருக்கும். அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கும். கட்டத்தின் மூலையை மூன்று பக்கமிருந்து தண்ணீர் தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கமிருந்து, முகத்தை ஒரே பக்கமிருந்து. மூலை முதலில் மக்கும், சதுரம் உருண்டையாகும். பிறகு மேலிருந்த மண்ணை மழை அரித்துக்கொண்டு போனதும் உள்ளே இருந்த உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளியே தெரிகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது அதனால்தான். இன்றும் கிருஷ்ணகிரிப் பக்கம் கிணறு வெட்டினால் மண்ணுக்குள் பாதி உருண்ட கற்களைப் பார்க்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உங்களுக்குத் தனியாக ஓர் அதிசய இடம் தேட வேண்டியதே இல்லை. 44-ஆம் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர் வரை காரை ஓட்டுங்கள். அதுவே அதிசயம். அந்த வழியில் நீங்கள் பூமியின் மேலோட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகிறீர்கள்.

விளக்குகிறேன். தென்னிந்தியாவின் இந்தப் பகுதி முழுக்க ஒரு பக்கம் தூக்கியபடி சாய்ந்து, தெற்கே போகப் போக அதிகமாக அரிக்கப்பட்டிருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே நீங்கள் பார்க்கிற சாம்பல், இளஞ்சிவப்புப் பட்டை போட்ட நைஸ் ஓரளவு ஆழத்தில் உருவானது. தெற்கே வர வர இன்னும் ஆழத்தில், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறைகள் தரைக்கு வந்திருக்கின்றன. அவைதான் சார்னோக்கைட். புதிதாக உடைத்தால் எண்ணெய் பூசினது போல் கரும்பச்சையாக மினுங்கும். வடக்கே உள்ள பாறையின் தாதுக்களுக்குள் தண்ணீர் அடங்கியிருக்கிறது, தெற்கே அது ஏறக்குறைய வற்றிப்போன பாறை. வெப்பம் மட்டும் அதை விரட்டியதா, ஆழத்திலிருந்து வந்த கரியமில வாயு விரட்டியதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சார்னோக்கைட் இருக்கும் பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடையே 1936-இல் ஃபெர்மர் என்பவர் ஒரு கோடு போட்டார், பாடப் புத்தகத்தில் இன்றும் ஃபெர்மர் கோடுதான். ஒரு பாறை இன்னொன்றாக மாறிக்கொண்டிருந்தபோது பாதியில் உறைந்த நிலையைக் கர்நாடகாவின் கப்பால்துர்காவில் பார்த்து, நிலவியலாளர் பிச்சமுத்து 1960-இல் நேச்சர் என்கிற அறிவியல் இதழில் எழுதினார். பூமியின் அடிமேலோடு எப்படி இருக்கும் என்று பார்க்க அத்தனை ஆழத்துக்குத் துளை போடவா முடியும்? அதனால்தான் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சுத்தியலோடு கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று வரிசையாக வந்துபோனார்கள். நாம் அதே சாலையில் டோல் கட்டிவிட்டு டீக்கடை எங்கே என்று பார்த்துக்கொண்டு போகிறோம்.

ராகிக்களி எழுதியது:

வாத்தியாரே, இத்தனை பெரிய அதிசயத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் என் வயசுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். வெளியூர்க்காரர்கள் வெற்றிலை போடுவோம் என்று நினைக்கிறார்கள்.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

@ராகிக்களி, அதுவும் இதே பாறையின் வேலைதான் தம்பி. அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரித் தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. மழை குறைந்த ஊர், வெடிப்புக்குள் இறங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்கில் பாறையோடு ஊறுகிறது. தண்ணீரில் காரத்தன்மை கூடி, சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் ஃபுளோரைடு இன்னும் அதிகமாகக் கரையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு, இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் குடித்தால் பல்லில் கறை, பல வருஷம் குடித்தால் எலும்பு வளைந்துபோகும். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. ஆக, பாறைக்குள் போன தண்ணீரை விட்டுவிட்டு பாறைமேல் ஓடுகிற தண்ணீரைக் குடிக்கிறோம்.

போர் இடம் பார்க்கக் கூப்பிடுகிறவர்களிடம் "ஆயிரம் அடி போட்டால் நல்ல தண்ணீர் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆழம் போனால் தண்ணீர் வரலாம், நல்ல தண்ணீராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ராகிக்களி எழுதியது:

ஆயிரமா, எங்கள் தெருவில் ஆயிரத்து ஐந்நூறு போட்டும் புகைதான் வந்தது.

பர்கூர்_கருப்புக்கல் எழுதியது:

நானும் ஒரு வார்த்தை. இருபது வருஷத்துக்கு மேலாகக் கிரானைட் தொழிலில் இருக்கிறேன், குவாரியில் ஆரம்பித்து இப்போது பாலிஷ் பட்டறை. வாத்தியார் சொன்ன அந்தப் பட்டை போட்ட கல்லைத்தான் நாங்கள் பாரடைசோ என்று விற்கிறோம். ஊதாவும் சிவப்பும் சாம்பலும் கலந்து அலை அலையாக ஓடும், பாதி உருகின கல் அப்படியே இறுகிப்போனது என்று ஒரு நிலவியல் அதிகாரி ஒருமுறை விளக்கினார். சென்னைத் துறைமுகம் வழியாக எங்கெங்கோ போகிறது.

இன்னொன்று கருப்புக் கல். அதற்கு வாத்தியார் டோலரைட் என்பார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காரில் போகும்போது சமவெளிக்கு நடுவில் கருப்பு உருண்டைக் கற்களாலேயே வேலி போட்ட மாதிரி ஒரு நீளக் கரடு நேர்கோட்டில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அது. நெடுக இருக்கும், அகலம் கொஞ்சம்தான். மேலே உருண்டையாகக் கிடப்பதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனால் வெடிப்பில்லாத பிளாக் கிடைக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம், முடி அளவு விரிசல் இருந்தாலும் பிளாக் வேஸ்ட். அதில் கல்லறைக் கல்தான் அதிகம் செய்கிறார்கள். நம் ஊர்க் கல்லில் ஜப்பான்காரன், ஐரோப்பியன் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறான்.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

கச்சிதமாகச் சொன்னீர்கள் அண்ணா. பழைய பாறை இறுகி ஆறின பிறகு அது நீளமாகப் பிளந்து, அந்தப் பிளவில் கீழிருந்து குழம்பு ஏறி இறுகியது. நிலத்துக்குள் சுவர் மாதிரி நிற்கிறது. போர் போடுகிறவர்களுக்கு இது முக்கியம், நிலத்தடி நீர் ஓட்டத்தை இந்தச் சுவர் மறிக்கும். ஒரு பக்கத்துக் காட்டில் தண்ணீர் நிற்கும், கரட்டைத் தாண்டி அடுத்த காட்டில் வறண்டு கிடக்கும். பங்காளிச் சண்டைகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான், தெய்வக் குற்றம் ஒன்றும் கிடையாது.

காட்டுப்பாதை எழுதியது:

எல்லாம் சரி, ஒருத்தர் அதிசயம் என்கிறார், இன்னொருத்தர் அதை அறுத்து விற்றதைப் பெருமையாகச் சொல்கிறார். நான் சின்ன வயதில் பார்த்த கரடுகளில் சில இன்று பச்சைத் தண்ணீர் தேங்கின பள்ளமாக நிற்கின்றன. 250 கோடி வருஷம் நின்றதை இருபது வருஷத்தில் சமையல் மேடையாக்கிவிட்டோம்.

பர்கூர்_கருப்புக்கல் எழுதியது:

@காட்டுப்பாதை, உங்கள் வீட்டுச் சமையல் மேடை எதில் போட்டது? என்னிடம் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் மழை பொய்த்ததால் காட்டை விட்டு வந்தவர்கள். தொழிலே வேண்டாம் என்றால் மாம்பழக் கூழ் கம்பெனியும் ஓசூர் கம்பெனிகளும் எத்தனை பேருக்கு வேலை கொடுக்கும்? ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், வேலை முடிந்த குழிக்கு வேலி போடாமல் விட்டுப் போவது அக்கிரமம். மாடும் பிள்ளைகளும் விழுகிற இடம்.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரம், சாத்தனூர்க் கல்மரம், பரங்கிமலைச் சார்னோக்கைட், காரை அரிநிலம் எல்லாம் அதில் உண்டு. உலகத்து ஆய்வாளர்கள் வந்துபோன நம் இரண்டு மாவட்டங்களிலிருந்து ஒன்றுகூட இல்லை. எல்லாக் கரட்டையும் காப்பாற்ற முடியாது, தேவையும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை நைஸ் சார்னோக்கைட்டாக மாறுகிற இடங்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, இங்கே உடைக்காதே என்று ஒரு பலகை நட்டால் போதும். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டின சரிவுகளே போதும், புதிதாக நிலம்கூட எடுக்க வேண்டாம்.

அரூர்க்காரி எழுதியது:

நீங்கள் எல்லோரும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கவே மாட்டீர்களா? கிழக்கே அரூர்ப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

அண்ணா (ஓசூர் அண்ணாவைச் சொல்கிறேன்), அப்பாவைத் தீர்த்தமலைக்குக் கூட்டி வாருங்கள். அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அடிவாரத்திலும் ஒரு கோயில் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கேயே கும்பிட்டுக்கொள்ளலாம். மேலே ஏறுகிறவர்களுக்குப் பாறையிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தம். மலைமேல் அவ்வளவு உயரத்தில் பாறைக்குள்ளிருந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டால் ராமர் அம்பு விட்டார் என்பார். குமாரர், கௌரி, அகஸ்தியர், அக்னி என்று மற்ற தீர்த்தங்களும் உண்டு. அருணகிரிநாதர் பாடின தலம்.

அப்புறம் சித்தேரி. அரூரிலிருந்து மலைப்பாதை, மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், சாமை விளையும் சரிவுகள். மழை முடிந்த கையோடு வந்தால் மலை முழுக்கப் பச்சை, பொங்கலுக்குள் கொஞ்சம் மங்கிவிடும், ஆனாலும் காலையில் பனி இறங்கி நிற்கும்போது ஏற்காடு மறந்துபோகும். பெரிய ஓட்டல், போட்டிங் எதுவும் கிடையாது. எங்களுக்கு அதுவே பெருமை. அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992-இல் அங்கே பழங்குடி மக்கள்மீது அரசு ஊழியர்கள் நடத்திய வன்முறையும், 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 269 அரசு ஊழியர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்ததும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலையின் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

தீர்த்தத்துக்கு என் பங்கு: மேலே விழுகிற மழை பாறை வெடிப்புகளுக்குள் மெதுவாக இறங்குகிறது. கீழே வெடிப்பில்லாத இறுகின பாறை வந்ததும் அதற்கு மேல் இறங்க வழியில்லை, பக்கவாட்டில் நகர்ந்து சரிவில் எங்கே வெடிப்பு வெளியே திறக்கிறதோ அங்கே சொட்டுகிறது. இறங்குகிற வேகம் குறைவு என்பதால் மழை நின்று மாதக்கணக்கானாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். அக்காவின் பாட்டி சொன்னதை நான் மறுக்கவில்லை, அம்பு பட்ட இடத்தில் வெடிப்பு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தேரி, சேர்வராயன் எல்லாம் உயரமாக நிற்பதற்கும் அந்த ஆழத்துச் சார்னோக்கைட்தான் காரணம். சுலபத்தில் மக்காத கல். சுற்றியிருந்தது கரைந்து போக, இது நிற்கிறது.

தொப்பூர்_கேட் எழுதியது:

மக்காது என்கிறீர்கள், ஆனால் உருளும். 2021 நவம்பரில் கண்ணூர் யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் தடம் புரண்டது ஞாபகம் இருக்கிறதா? மழையில் மேலிருந்து பாறைகள் உருண்டு விழுந்து பெட்டிகளில் இடித்தன. நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. அந்த வருஷ ஐப்பசி மழையைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி வழியாக ஓமலூர் போகிற அந்த ரயிலில் பகலில் போய்ப் பாருங்கள் சார், முத்தம்பட்டிப் பக்கம் இரண்டு புறமும் மலையும் காடும் ஒட்டி வரும். அப்பாவுக்கு ஏற்ற மலையேற்றம் அதுதான், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தபடியே.

கிருஷ்ணகிரியில் இருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டாம். உங்களுக்கும் ஒரு நாள் ரயில் வரும்.

ராகிக்களி எழுதியது:

ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறதே, போதாதா.

அஞ்செட்டி_ரோடு எழுதியது:

ஓசூரிலிருந்து ஒகேனக்கலுக்கு எல்லோரும் தருமபுரி சுற்றித்தான் போகிறார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகப் போங்கள். மேலகிரி மலைகளுக்கு ஊடாக இறங்குகிற பாதை. மூங்கில், வெட்டவெளி, மறுபடி காடு என்று மாறி மாறி வரும். இது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், 2014-இல் அறிவித்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் அதையொட்டிக் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்துவிட்டது. சாம்பல் நிற மலை அணில், ஆற்றில் முதலை, எல்லாவற்றுக்கும் மேல் யானை. ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும், சானமாவு, சூளகிரி வரைக்கும் போகும். உங்களுக்கு ஓசூரில் இருந்து தெரிந்திருக்கும்.

அதனால் இருட்டுவதற்குள் காட்டுப் பாதையைத் தாண்டிவிடுங்கள், நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். மேலகிரிக்குள் நடந்து போக ஆசையிருந்தால் வனத்துறை 2024-இல் தொடங்கின ட்ரெக் தமிழ்நாடு வழித்தடங்களில் குத்திராயன் சிகரம் உண்டு, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு மட்டும். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். ஏறமுடியாதவர்களுக்குப் பெட்டமுகிலாளம், கார் போகும், குளிரும் இருக்கும்.

காட்டுப்பாதை எழுதியது:

பெட்டமுகிலாளத்தை ஏன் இங்கே எழுதினீர்கள்? அடுத்த மாதமே ரீல்ஸ் எடுக்க நூறு பைக் வந்து நிற்கும். வத்தல்மலையில் ரோடு போட்ட பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டில் சில்லு எவ்வளவு கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அஞ்செட்டி_ரோடு எழுதியது:

வத்தல்மலைக்காரர்கள் பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய காலத்தையும் சேர்த்துப் பார்க்கணும். ரோடு அவர்களுக்காக வந்தது. பாட்டில் போடுகிறவனைப் பிடிப்பது வேறு வேலை. காப்பியும் பலாவும் விளைகிற ஊர், வாங்கிக்கொண்டு வந்தால் அவர்களுக்கும் நாலு காசு.

பழங்கல் எழுதியது:

பாறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அந்தப் பாறையை முதலில் பயன்படுத்தியவர்களை விட்டுவிட்டீர்கள். பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. தொகரப்பள்ளிக்குப் பக்கத்தில் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், நாலாயிரத்து இருநூறு வருஷம். 2025 ஜனவரியில் சிவகளைக்கு அதைவிடப் பழைய காலக்கணக்கு வெளியானது, ஆனாலும் இரும்பு பற்றின பேச்சை மறுபடி தொடங்கி வைத்தது நம்ம மயிலாடும்பாறைதான். அங்கே இரும்புக்கு முந்தின தேய்த்து வழவழப்பாக்கின கற்கோடரிகளும் கிடைத்திருக்கின்றன. அந்த மாதிரிக் கோடரிகளுக்குத் தென்னாட்டில் பெரும்பாலும் விரும்பி எடுத்தது பர்கூர் அண்ணா சொன்ன கருப்புக் கல்தான். சீக்கிரம் சிதறாது, முனை நிற்கும்.

மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளும் அப்படித்தான். இந்த நாட்டுப் பாறைகள் மேல்பரப்பில் பலகை பலகையாகத் தாமே உரிந்துகொள்ளும். அதை நெம்பி எடுத்து நிறுத்தி, மேலே ஒன்றை மூடி, முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை போட்டிருக்கிறார்கள். செத்தவர்களுக்குக் கட்டின கல்வீடு. தயவுசெய்து அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், சுண்ணாம்பால் பெயர் எழுதாதீர்கள்.

சாமல்பட்டியான் எழுதியது:

எங்கள் ஊரை யாருமே சொல்லவில்லையே. ஏலகிரி, செவ்வாத்தூர், சாமல்பட்டி, பக்கநாடு என்று வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரே வரிசையில் கார்பனடைட்டும் சையனைட் என்கிற இன்னொரு குழம்புக் கல்லும் இருக்கின்றன என்று கல்லூரி மாணவர்கள் பஸ் பிடித்து வருவார்கள். கல்மேல் ஏதோ ஆசிட் சொட்டு விட்டு, நுரைத்தால் கைதட்டுவார்கள். எங்களுக்கு அது ஆடு மேய்க்கிற மேடு.

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

விட்டுவிடுவேனா, கடைசியில் வைத்திருந்தேன். அந்த வரிசை ஒரு பெரிய பிளவுக் கோடு. அந்தக் குழம்புகள் ஏறினது சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டுக்கு முன்னால். ஒகேனக்கலில் ஏறினது 240 கோடி. ஒரே வட்டாரத்தில், இவ்வளவு அரிதான ஒரு கல், நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை. பிளந்த இடம் பலவீனமான இடம், மறுபடி அங்கேயே பிளக்கும் என்று சொல்கிறார்கள். ஆசிட் பட்டு நுரைத்தது சுண்ணாம்பு என்பதால், மாயம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் என்கிற உலோகத்தின் தாதுவும் இருக்கிறது.

ஓசூர்_ஷிப்ட் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மகள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், ஃபெர்மர் கோட்டை மேப்பில் போட முயற்சி நடக்கிறது. இப்போதைக்குத் திட்டம் இப்படி: காணும் பொங்கலைத் தவிர்த்து, காலையில் கிளம்பி அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். பரிசல். இரவு அங்கேயே தங்கி மறுநாள் பென்னாகரம் வழியாகத் தருமபுரி, அங்கிருந்து தீர்த்தமலை அடிவாரம். அப்பா கும்பிட்டு முடித்ததும் அரூரிலிருந்து திரும்பி வந்து நெடுஞ்சாலையில் வடக்கே ஓசூர். வாத்தியார் கணக்குப்படி அப்போது பூமிக்குள்ளிருந்து மேலே ஏறி வருவோம், சரிதானே? மகள் இரண்டு கல்லும் கையில் வேண்டும் என்கிறாள். எங்கே எடுக்கலாம்?

போர்வெல்_வாத்தியார் எழுதியது:

சரிதான், ஆனால் தொப்பூர் வரை ஒருமுறை இறங்கிவிட்டு ஏறினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கணவாயில் மட்டும் நிறுத்தாதீர்கள், லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருகிற இடம். கல் எடுக்கச் சரணாலயத்துக்குள்ளும் கோயில் மலையிலும் கற்திட்டைப் பக்கத்திலும் கை வைக்க வேண்டாம்.

பர்கூர்_கருப்புக்கல் எழுதியது:

எங்கும் உடைக்க வேண்டாம் சார். பர்கூர், கிருஷ்ணகிரியில் எந்தப் பாலிஷ் பட்டறை வாசலிலும் பாரடைசோ துண்டும் கருப்புக் கல் துண்டும் குப்பையாகக் குவிந்து கிடக்கும். பாப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். ஒரு பக்கம் பாலிஷ் போட்டது, மறுபக்கம் போடாதது என்று பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விளிம்பு கூர்மையாக இருக்கும், ஒரு கோணிச் சாக்கு எடுத்து வாருங்கள்.